ஒரு நகரம் தன் மாநிலத்திடம் எப்படிக் கேட்கிறது?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் மாநகரின் வடக்கு எல்லையில், 145-ஆம் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது. அங்கே வண்டிகள் வலப்பக்கமாகப் போகும் என்பதால், கிழக்கே செல்பவர்கள் சாலையின் தென்பாதியில் போவார்கள். அந்தப் பாதி சியாட்டிலுக்குள் அடங்கும். மேற்கே செல்லும் வடபாதி நெடுங்காலம் கிங் கவுண்டியின் கையில் இருந்தது (கவுண்டி என்பது ஏறத்தாழ நம்மூர் மாவட்டம்). இரண்டு பாதியும் சேர்ந்தால் வாஷிங்டன் மாநிலத்தின் 523-ஆம் எண் நெடுஞ்சாலை. வடக்கு ஓரத்தைத் தாண்டி அடுத்த அடி வைத்தால் ஷோர்லைன் என்ற புறநகர். அந்தச் சாலையின் நெரிசலில் தினமும் மாட்டிக்கொள்பவர்கள் ஷோர்லைன்காரர்கள். அதன் குறுகிய நடைபாதையில் மின்கம்பத்தைச் சுற்றி நடப்பவர்களும் அவர்கள்தான். சாலையோ நெடுங்காலம் ஓர் அடிகூட அவர்கள் நகர எல்லைக்குள் இருந்ததில்லை.

இப்படி ஒரு சாலையை அகலப்படுத்த வேண்டுமென்றால் யாரிடம் போவது? ஷோர்லைன் போன்ற நகரங்கள் இதற்கென்றே ஒரு வழியைச் செப்பமாக வளர்த்து வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நகர மன்றம் கூடி, வரப்போகும் சட்டமன்றக் கூட்டத்தொடரில் மாநிலத்திடம் எவற்றைக் கேட்பது, எவற்றை ஆதரிப்பது, எவற்றை எதிர்ப்பது என்று ஒரு பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றுகிறது. சட்டமன்ற முன்னுரிமைப் பட்டியல் என்று அதைச் சொல்லலாம். அச்சடித்தால் ஒன்றிரண்டு பக்கம்தான் வரும். அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் நூற்றைம்பது ஆண்டு வழக்குகள், கூட்டுவட்டிக் கணக்கு, சால்மன் மீனின் வாழ்க்கை வரை எல்லாம் வெளியே வருகின்றன.

முதல் ஆச்சரியம் அமெரிக்க அரசியல் சாசனத்தில் இருக்கிறது. அதில் மாநிலங்கள் உண்டு, ஒன்றிய அரசு உண்டு. நகரம் என்ற அமைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த மௌனத்துக்குப் பொருள் சொன்னவர் ஐயோவா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் டில்லன். கிளின்டன் என்ற ஊர், தன் தெருக்களின் மேல் ரயில்பாதை போடக்கூடாது என்று தடுத்தது. ரயில் நிறுவனத்துக்கு மாநிலச் சட்டத்தின் அனுமதி இருந்தது. 1868-இல் டில்லன் ரயில் பக்கம் தீர்ப்பளித்தார். நகராட்சி என்பது சட்டமன்றம் படைத்தது, அதன் அதிகாரம் முழுவதும் சட்டமன்றம் கொடுத்தது, கொடுத்தவர் குறைக்கலாம், எடுக்கலாம், அழிக்கவும் செய்யலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். டில்லன் விதி என்ற பெயரில் இன்றும் சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

அழிக்கலாம் என்பது வெறும் பேச்சு அல்ல. பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க்குக்கு எதிர்க்கரையில் அலகெனி என்ற தனி நகரம் இருந்தது. இரண்டையும் இணைக்க மாநிலம் 1906-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாக்குகளை ஊர்வாரியாக எண்ணாமல் இரண்டு ஊரையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது ஏற்பாடு. அலகெனி மக்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். பிட்ஸ்பர்க்கின் வாக்குகள் அவர்களை மூழ்கடித்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1907-இல் அங்கேயும் தோற்றார்கள். மக்களின் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நகரத்தின் எல்லையை மாற்ற மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். அலகெனி என்ற நகரம் வரைபடத்திலிருந்து போயிற்று.

வாஷிங்டன் மாநிலம் இவ்வளவு கடுமையானதில்லை. அதன் 1889-ஆம் ஆண்டுச் சாசனம், பொதுச் சட்டங்களோடு முரண்படாத உள்ளூர் விதிகளை நகரங்கள் தாமே இயற்றலாம் என்கிறது. 1967-இல் வந்த ஒரு சட்டம் அதை இன்னும் தாராளமாக்கியது. நாய்க்கு உரிமம், கடைக்கு நேரம், மரம் வெட்ட அனுமதி என்று பலவற்றை நகர மன்றமே முடிவு செய்யலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கதவு சாத்தியே இருக்கிறது. வரி. சட்டமன்றம் வெளிப்படையாக அனுமதித்த வரியைத்தான், அனுமதித்த அளவுக்குத்தான் நகரம் போட முடியும். நகரங்களின் பட்டியல்களில் ஆண்டுதோறும் பணம் முதலிடத்தில் இருப்பது இதனால்தான்.

ஷோர்லைன் நகரம் 1995-இல்தான் பிறந்தது. சியாட்டிலைச் சுற்றி நகராட்சிகள் அடுத்தடுத்துப் பிறந்த பத்தாண்டு அது. 1990-இல் ஃபெடரல் வே, 1993-இல் பியூரியன், 1999-இல் சமாமிஷ். அதுவரை இந்த ஊர்களைக் கவுண்டி நேரடியாக நிர்வகித்து வந்தது. 2020 கணக்கெடுப்பில் ஷோர்லைனின் மக்கள்தொகை சுமார் 58,600. நகர மன்றத்தில் ஏழு பேர், நான்காண்டுப் பதவிக்காலம். மேயரை அந்த ஏழு பேரும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்றாட நிர்வாகம் அவர்கள் நியமிக்கும் நகர மேலாளரிடம்.

இந்த நகரத்தின் உறுப்புகளை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். காவலர்கள் கிங் கவுண்டி ஷெரிஃபிடமிருந்து ஒப்பந்தத்தில் வருகிறார்கள். தீயணைப்பு, தனி வரி வசூலிக்கும் தனி அமைப்பு. பள்ளிகளுக்கு வேறொரு அமைப்பு, வேறொரு தேர்தல். நூலகம் கவுண்டி அளவில் இயங்கும் இன்னொரு தனி அமைப்பு. குடிநீர் ஊரின் ஒரு பகுதிக்குச் சியாட்டிலிலிருந்தும் இன்னொரு பகுதிக்குத் தனி நீர் மாவட்டத்திலிருந்தும் வருகிறது. ஊருக்குள்ளேயே ஃபர்க்ரெஸ்ட் என்ற பெரிய வளாகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடற்படை மருத்துவமனை, பிறகு காசநோய் மருத்துவமனை, 1959 முதல் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான மாநில இல்லம். நிலம் மாநிலத்தின் கையில். அங்கே என்ன கட்டலாம் என்பதைப் பற்றிப் பேசக்கூட மாநிலத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். குடிமகன் தன் கேள்வியோடு நகர மன்றத்துக்கு வருகிறான். விடை பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கிறது.

இனி பணம். ஷோர்லைன் கடையில் 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் விற்பனை வரி 10 டாலரைத் தாண்டும். அதில் 6 டாலர் 50 சென்ட் மாநிலத்துக்கு. பேருந்து, ரயில், கவுண்டி என்று மற்றவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். நகரத்தின் அடிப்படைப் பங்கு 1 டாலர் என்று சட்டத்தில் இருக்கிறது, அதிலும் 15 சென்ட் கவுண்டிக்கு. மிஞ்சுவது 85 சென்ட்.

சொத்து வரி இதைவிட விநோதமானது. வீட்டின் விலை இரட்டிப்பானால் நகரத்தின் வருமானமும் இரட்டிப்பாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகாது. வாஷிங்டனில் முதலில் முடிவாவது மொத்தத் தொகை. பிறகுதான் அது வீடுகளுக்குள் மதிப்புக்கு ஏற்பப் பிரிகிறது. பத்து நண்பர்கள் சேர்ந்து வேன் வாடகைக்கு எடுத்து, அவரவர் சம்பளத்துக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். எல்லோர் சம்பளமும் ஒரே நாளில் இரட்டிப்பானாலும் வேன் வாடகை மாறாது, ஒவ்வொருவர் பங்கும் மாறாது. வீட்டு விலை ஏறும்போது வரி விகிதம் தானாகவே இறங்கிவிடுகிறது. அந்த மொத்தத் தொகை ஆண்டுக்கு எவ்வளவு உயரலாம் என்பதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 1 விழுக்காடு. புதிதாகக் கட்டிய கட்டடங்களின் வரி மட்டும் அதற்கு மேல் சேரும்.

இந்த 1 விழுக்காடு வந்த கதையைக் கேளுங்கள். 2001-இல் மக்கள் நேரடியாக வாக்களித்து 747-ஆம் எண் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். வரம்பை 2-லிருந்து 1 ஆகக் குறைப்பதாக அதன் வாசகம் சொன்னது. அந்த 2 விழுக்காடு வரம்பு ஏற்கெனவே நீதிமன்றத்தில் விழுந்துவிட்டது. உண்மையில் நடைமுறையில் இருந்தது 6. வாக்காளர்களுக்கு நடப்புச் சட்டம் எது என்பதே தவறாகக் காட்டப்பட்டது என்று சொல்லி, மாநில உச்ச நீதிமன்றம் 2007 நவம்பரில் அதைச் செல்லாததாக்கியது. நகரங்கள் மூச்சுவிட்டது சில வாரம்தான். அதே மாதம் 29-ஆம் தேதி ஆளுநர் கிறிஸ்டின் கிரெக்வார் சிறப்புக் கூட்டம் கூட்ட, சட்டமன்றம் ஒரே நாளில் 1 விழுக்காட்டைத் திரும்பவும் சட்டமாக்கிவிட்டது.

ஒன்றுக்கும் நான்குக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். நகரத்தின் செலவு ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்கிறது என்று வைப்போம். இன்று வரவும் செலவும் தலா 100. பத்தாண்டில் வரவு 110, செலவு 148. இருபதாண்டில் வரவு 122, செலவு 219. யாரும் ஊழல் செய்யவில்லை, யாரும் வீண்செலவு செய்யவில்லை, ஆனாலும் பள்ளம் விழுந்துவிட்டது. ஷோர்லைன் இதை ஒரு சட்டப்பூர்வ ஏணியால் தாண்டுகிறது. வாக்காளர்கள் சம்மதித்தால் ஆறாண்டுவரை வரம்பைத் தளர்த்தலாம். 2010-இல் சம்மதித்தார்கள். 2016-இல் மறுபடி. 2022-இல் மறுபடி. ஒவ்வொரு முறையும் ஊர் முழுக்கத் தேர்தல். வரம்பைச் சட்டமன்றமே 3 விழுக்காடுவரை உயர்த்த வேண்டும் என்று மாநிலத்தின் நகரங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதன் பின்னணி இந்தக் கணக்குதான்.

பட்டியல் உருவாகும் முறைக்கு வருவோம். செப்டம்பர், அக்டோபரில் ஒவ்வொரு துறையும் தன் தேவைகளை நகர மேலாளர் அலுவலகத்துக்கு அனுப்புகிறது. சாலைக்காரருக்குப் பாலம் வேண்டும், பூங்காக்காரருக்கு விளையாட்டுத் திடல் வேண்டும், காவல் பிரிவுக்கு ஆள் வேண்டும். எல்லாவற்றையும் எழுதினால் நூறு வரி வரும். நூறு வரி எழுதிய நகரம் எதையும் கேட்கவில்லை என்றே பொருள், ஏனென்றால் எதிலே விட்டுக்கொடுப்பார்கள் என்று சட்டமன்ற உறுப்பினருக்குத் தெரியாது. அதனால் சலிக்கிறார்கள். இதைச் சட்டமன்றத்தால் மட்டும்தான் தர முடியுமா? இந்த ஆண்டே கேட்க வேண்டுமா? நம் தொகுதி உறுப்பினர் தன் பெயரைப் போட்டு முன்னெடுப்பாரா? இந்தச் சல்லடையில் நிற்பவை மூன்று முதல் ஐந்துவரை. மற்றவை அடுத்த வரிசைக்குப் போகின்றன. அங்கே நகரம் தானே தலைமை தாங்காது, பிறர் கொண்டுவந்தால் கைதூக்கும்.

அடுத்த வரிசையில் இருப்பவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை. அவை பெரும்பாலும் கொள்கை வாக்கியங்கள். நிதி தராமல் புதுக் கடமை சுமத்தும் மசோதாக்களை எதிர்ப்போம், மனநல சிகிச்சைக்கு நிதி கூட்டும் மசோதாக்களை ஆதரிப்போம் என்கிற வகை. படிக்கும்போது சம்பிரதாயமாகத் தெரியும். அவற்றின் வேலை வேறு. வாஷிங்டனில் திறந்த கூட்டச் சட்டம் 1971 முதல் இருக்கிறது. ஏழு பேர் மன்றத்தில் நான்கு பேர் மின்னஞ்சலில் ஊர்ப் பணியைப் பேசி முடிவெடுத்தால் அதுவே சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடக்கூடும். முறையாக அறிவித்துக் கூடித்தான் நிலைப்பாடு எடுக்க வேண்டும். ஒரு மசோதா மீதான விசாரணையோ சில நாள் முன்னறிவிப்பில் வந்து நிற்கும். அதற்குள் மன்றம் கூட முடியாது. ஆகவே டிசம்பரிலேயே, இன்னும் எழுதப்படாத மசோதாக்களுக்கும் சேர்த்து, மன்றம் தன் மனத்தைச் சொல்லி வைத்துவிடுகிறது. பிப்ரவரியில் மேயரோ மேலாளரோ நகரத்தின் பெயரால் வாய்திறக்க அந்த வாக்கியங்கள்தான் அதிகாரம்.

இப்போது ஒலிம்பியாவுக்குப் போவோம். மாநிலத் தலைநகர் அது, ஷோர்லைனுக்குத் தெற்கே 100 கிலோமீட்டருக்கு மேல். 49 தொகுதிகள், தொகுதிக்கு ஒரு செனட்டர், இரண்டு பிரதிநிதிகள், மொத்தம் 147 பேர். ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை கூடுகிறார்கள். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் வெறும் 60 நாள். அவ்வளவுதான் நேரம். பிரதிநிதிகள் அவையின் மசோதாக்கள் 1000 என்ற எண்ணிலிருந்தும் செனட்டின் மசோதாக்கள் 5000 என்ற எண்ணிலிருந்தும் தொடங்கும், அதனால் எண்ணைப் பார்த்தாலே எந்த அவையில் பிறந்தது என்று தெரிந்துவிடும். டிசம்பர் முதலே மசோதாக்களைத் தாக்கல் செய்யத் தொடங்கலாம். பட்டியலை அதற்குள் நிறைவேற்றிவிட நகரங்கள் பறப்பது இதற்காகத்தான்.

மசோதாக்கள் பெரும்பாலும் வாக்கெடுப்பில் தோற்பதில்லை, கெடு தேதியில் சாகின்றன. இந்த நாளுக்குள் கொள்கைக் குழுவைத் தாண்ட வேண்டும், இந்த நாளுக்குள் நிதிக் குழுவை, கூட்டத்தொடரின் பாதியை ஒட்டிப் பிறந்த அவையையே தாண்ட வேண்டும். பிறகு மற்ற அவையில் அதே படிகள். எதிர்ப்பவர் வாதாடவே வேண்டியதில்லை, குழுத் தலைவர் நேரம் ஒதுக்காவிட்டால் போதும். வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றத் தேவையானவை என்று கருதப்படும் மசோதாக்களுக்கு மட்டும் இந்தக் கெடுவிலிருந்து விலக்கு உண்டு. அனுபவமுள்ள பரப்புரையாளர், அதாவது நகரத்தின் சார்பில் சட்டமன்றத்தில் பேசுவதைத் தொழிலாகக் கொண்டவர், அந்த வாசலை எப்போதும் கண்ணில் வைத்திருப்பார்.

குழு விசாரணையில் பேச ஒருவருக்கு ஒன்றோ இரண்டோ நிமிடம் கிடைக்கும். தொலைவிலிருந்தே காணொளியில் பேசலாம். தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பெயர் கொடுத்து ஆதரவா, எதிர்ப்பா, வேறா என்று குறிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் மாநிலக் கொள்கையை விளக்க முடியாது. அந்தத் தெருவில், அந்தச் சந்திப்பில், இத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள் என்று சொல்ல முடியும். அதை ஆளுநர் அலுவலகமோ ஆய்வு நிறுவனமோ சொல்ல முடியாது. சிறிய நகரத்தின் பெரிய பலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு நுட்பமான கருவி உள்ளாட்சி நிதிக் குறிப்பு. ஒரு மசோதா சட்டமானால் நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் எவ்வளவு செலவாகும் என்று மாநில வணிகத் துறையில் இதற்கென இருக்கும் ஒரு பிரிவு கணக்கிட்டு, உறுப்பினர்கள் முன் வைக்கிறது. அந்தப் பிரிவு நகரங்களையே கூப்பிட்டுக் கேட்கும். நகர அலுவலகத்தில் ஒரு கணக்காளர் இரண்டு நாளில் அனுப்பும் மதிப்பீடு ஒரு மசோதாவின் தலைவிதியைத் திருப்பக்கூடும்.

பணம் கேட்பதென்றால் எந்தப் பையிலிருந்து என்பதும் தெரிய வேண்டும். வாஷிங்டனில் வரவுசெலவுத் திட்டம் மூன்று. சம்பளம், சேவைகளுக்கு ஒன்று, சாலை, பாலம், படகுகளுக்கு ஒன்று, கட்டடம், பூங்கா போன்ற முதலீடுகளுக்கு ஒன்று. பூங்காவுக்கான கோரிக்கையைத் தவறான குழுவிடம் கொடுத்தால் அது அங்கேயே உறங்கும். சரியான குழுவிடம் கொடுத்தாலும் எதிர்பாராத இடத்தில் முட்டிக்கொள்ளலாம். 2016-இல், கிராமப்புறத்தில் வீட்டுக் கிணறு தோண்டுவது பற்றி மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. அதை மாற்றும் சட்டம் வராமல் முதலீட்டுத் திட்டத்துக்கு வாக்களிக்க மாட்டோம் என்று 2017-இல் செனட்டில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் நின்றார்கள். ஆண்டு முழுவதும் நகரங்களின் பூங்காவும் பள்ளிக் கட்டடமும் யாரோ தோண்டாத கிணறுகளுக்காகக் காத்திருந்தன. 2018 ஜனவரியில்தான் முடிச்சு அவிழ்ந்தது.

145-ஆம் தெருவுக்கு வழி பிறந்தது சாலைப் பையிலிருந்து. 2015-இல் சட்டமன்றம் எரிபொருள் வரியை காலனுக்கு 11.9 சென்ட் உயர்த்தி, 16 ஆண்டுகளுக்கு 16 பில்லியன் டாலர் போக்குவரத்துத் தொகுப்பை நிறைவேற்றியது. அந்தப் பெரும் பட்டியலில் அந்தச் சாலையும் இடம்பிடித்தது. தன் எல்லைக்கு வெளியே இருந்த சாலைக்குச் சின்ன நகரம் ஒன்று முன்னின்று ஆய்வு செய்து, வரைபடம் போட்டு, சியாட்டிலையும் கவுண்டியையும் மாநிலத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று அருகிலேயே 148-ஆம் தெரு ரயில் நிலையமும் திறந்தது.

மீனுக்கு வருவோம், சொன்னேனே. 1850-களில் பழங்குடியினரோடு செய்த உடன்படிக்கைகளில் அவர்களுக்கு மீன்பிடி உரிமை உறுதியளிக்கப்பட்டது. சாலைக்கு அடியில் ஓடையைக் கொண்டுபோகும் குழாய்மதகுகள் சால்மன் மீனின் வழியை அடைத்தன. 21 பழங்குடிகள் வழக்குத் தொடுத்தார்கள், மதகுகளை மாற்றும்படி 2013-இல் மாநிலத்துக்கு ஆணை வந்தது. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-க்கு 4 என்று பிரிய, அந்த ஆணை நிலைத்தது. ஆணை மாநிலத்தின் மதகுகளுக்குத்தான். சால்மனுக்கோ எது மாநில மதகு, எது நகர மதகு என்று தெரியாது. அது கடலிலிருந்து மேலேறும். கீழே நகரத்தின் மதகு அடைத்துக்கொண்டிருந்தால், மேலே மாநிலம் பல மில்லியன் டாலரில் கட்டிய புது மதகுவரை ஒரு மீனும் எட்டாது. ஓடையை முழுதாக எடுத்துக்கொண்டு சரிசெய்ய நிதி வேண்டும் என்று நகரங்கள் கேட்கின்றன. இதைவிட நியாயமான கோரிக்கை அந்தப் பட்டியல்களில் இல்லை என்பேன்.

தனியாகக் கேட்டால் மூன்று உறுப்பினர் காது கொடுப்பார்கள். அதனால் கூட்டாகவும் கேட்கிறார்கள். வாஷிங்டன் நகரங்கள் சங்கம் 1933-இல் தொடங்கியது. மாநிலத்தின் 281 நகரங்களும் ஊர்களும் அதன் குடைக்கீழ். கிங் கவுண்டியின் சிறு நகரங்களுக்கு இன்னொரு சங்கம் உண்டு. புறநகர் மன்றம் தன் பட்டியலை எழுதும்போது இந்தச் சங்கங்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. பொதுவானது அவர்கள் தோளில், தனக்கே உரியது தன் தோளில்.

நகரங்கள் கேட்பதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. உள்ளூர் அதிகாரம் வேண்டும் என்ற வாக்கியம் ஏறத்தாழ எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அதே அதிகாரத்தால்தான் பல புறநகரங்கள் பல்லாண்டுகள் தனி வீடுகளைத் தவிர வேறெதையும் கட்ட விடவில்லை. வாடகை ஏறியது, இளைஞர்கள் தூரம் தள்ளப்பட்டார்கள். 2023-இல் சட்டமன்றம் குறுக்கிட்டது. 75,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் ஒரு மனையில் குறைந்தது நான்கு வீடுகளுக்கு இடமளிக்க வேண்டும். 25,000 முதல் 75,000 வரை உள்ளவற்றில் இரண்டு, ரயில் நிலையம் போன்ற முக்கியப் போக்குவரத்து நிறுத்தங்களுக்கு அருகில் நான்கு. அந்த மசோதாவைக் கொண்டுவந்த ஜெசிகா பேட்மன் அதற்கு முன் ஒலிம்பியா நகர மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர். நகர மன்றங்கள் எதைத் தாமாகச் செய்யும், எதைச் செய்யாது என்று உள்ளிருந்து அறிந்தவர். மாநிலம் செய்தது சரிதான்.

மக்கள் பணத்தில் நகரம் மாநிலத்திடம் பரப்புரை செய்யலாமா என்ற கேள்வி எழும். சட்டம் அனுமதிக்கிறது, கயிறும் கட்டியிருக்கிறது. உறுப்பினருக்குப் பரிசு தரக்கூடாது, தேர்தல் நிதி தரக்கூடாது, மக்களைத் தூண்டிவிட்டு உறுப்பினருக்கு நெருக்கடி கொடுக்கப் பொதுப்பணம் செலவிடக்கூடாது. செலவு விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொது வெளிப்படுத்தல் ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். 1972-இல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய ஆணையம் அது.

பலன் என்ன? 2024-இலும் 2025-இலும் 1 விழுக்காடு வரம்பைத் தளர்த்த எடுத்த முயற்சிகள் தோற்றன. 2025-இல் வேறொன்று கிடைத்தது. காவல் மற்றும் பொதுப் பாதுகாப்புக்காக 0.1 விழுக்காடு விற்பனை வரியை, சில நிபந்தனைகளோடு, தேர்தல் இல்லாமல் மன்றமே போடலாம், காவலர்களை அமர்த்த மாநிலம் 100 மில்லியன் டாலர் மானியம் ஒதுக்கும் என்று சட்டம் வந்தது. 100 டாலர் பொருளுக்கு 10 சென்ட். பல ஆண்டுக் கோரிக்கைகளின் விளைச்சல் சில நேரம் இந்த அளவுதான்.

சியாட்டிலைச் சுற்றியுள்ள பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ், பாத்தல் போன்ற புறநகரங்களில் மென்பொருள் வேலைக்காகப் போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நகர மன்றத்தின் நிகழ்ச்சி நிரலை அக்டோபர் முதல் டிசம்பர்வரை பாருங்கள். முன்னுரிமைப் பட்டியலின் வரைவு அதில் வரும். இறுதி முடிவு எடுக்கும் வழக்கமான கூட்டத்தில் அல்லது அதற்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று 2022-இல் திறந்த கூட்டச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பேசியும் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். அதற்கு நீங்கள் வாக்காளராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.